மேக்பெயின்ட்டில் படம் வரையலாம் வாங்க!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மவுஸ் பிடித்துப் பழக நல்ல வழி படம் வரைவதுதான். ஆனால் இன்றைய ஓவிய மென்பொருள்களைத் திறந்தால் லேயர், ஃபில்டர், விதவிதமான பிரஷ் என்று திரை முழுக்கப் பட்டன்கள். எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து மூடிவிடுகிறோம். அப்படி மூடிவிட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் 1984-ல் வந்த மேக்பெயின்ட்டில் தொடங்கும்படி உங்களுக்குச் சொல்கிறேன்.

மேக்பெயின்ட் என்பது என்ன?

1984 ஜனவரி 24 அன்று ஆப்பிள் நிறுவனம் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரை வெளியிட்டது. விலை 2,495 டாலர். அதனுடன் தரப்பட்ட ஓவிய மென்பொருள்தான் மேக்பெயின்ட். எழுதியவர் பில் அட்கின்சன். 2025-ல் இவர் காலமானார். இதன் மூல நிரலை அமெரிக்காவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் 2010-ல் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது.

அந்த மேக்கின்டாஷின் நினைவகம் வெறும் 128 கேபி. திரையில் குறுக்கே 512, நெடுக்கே 342 புள்ளிகள். மொத்தம் 1,75,104 பிக்ஸல்கள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான்.

இன்று அந்தக் கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டாம். பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். இன்ஃபினிட் மேக் என்ற எமுலேட்டர் பிரவுசருக்குள்ளேயே பழைய மேக்கின்டாஷை இயக்கிக் காட்டுகிறது.

திரையைப் பார்ப்போம்

மேக்பெயின்ட்டைத் திறந்ததும் இடது பக்கம் கருவிகள் இரண்டு வரிசைகளாக இருக்கும். பென்சில், பிரஷ், ஸ்ப்ரே, அழிப்பான், பெயின்ட் வாளி, நேர்க்கோடு, செவ்வகம், வட்டம் எல்லாம் இங்கே உள்ளன. அதற்குக் கீழே கோட்டின் தடிமன். திரையின் அடியில் சிறு சிறு கட்டங்களில் கோடு, புள்ளி, செங்கல் சுவர் போன்ற டிசைன்கள். வண்ணம் கிடையாது என்பதால் இந்த டிசைன்களே வண்ணத்தின் வேலையைச் செய்கின்றன.

ஒரு விஷயத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். இங்கே மெனுவை ஒருமுறை க்ளிக் செய்து கையை எடுத்தால் அது மூடிக்கொள்ளும். மவுஸ் பட்டனை அழுத்தியபடியே கீழே இழுத்து, வேண்டிய கட்டளை கறுப்பாக மாறியதும் விட வேண்டும்.

முதல் படம்: ஒரு வீடு

1. செவ்வகக் கருவியை க்ளிக் செய்யுங்கள். தாளில் ஓரிடத்தில் பட்டனை அழுத்தி, மூலைவிட்டமாக இழுத்து விடுங்கள். சுவர் தயார்.

2. நேர்க்கோட்டுக் கருவியை எடுத்து, இரண்டு சாய்ந்த கோடுகளால் கூரை போடுங்கள். கோடு நேராகப் படுக்கையாகவோ செங்குத்தாகவோ வர வேண்டுமானால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு இழுங்கள்.

3. சிறிய செவ்வகங்களால் கதவும் ஜன்னலும் வரையுங்கள்.

4. ஃபைல் மெனுவில் சேவ் கொடுத்து, ஒரு பெயர் தந்து சேமியுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

5. கீழே செங்கல் டிசைனைத் தேர்வு செய்து, பெயின்ட் வாளியை எடுத்துச் சுவருக்குள் க்ளிக் செய்யுங்கள். சுவர் முழுக்கச் செங்கல் பரவும்.

நான் கெடுத்த படம்

முதன்முதலில் இதைச் செய்தபோது நான் சேமிக்கவில்லை. வீடு, தென்னை மரம், கிணறு, வேலி என்று ஒரு மாலை முழுக்க வரைந்திருந்தேன். கடைசியில் கூரைக்கு ஓடு போடலாம் என்று வாளியை ஊற்றினேன். கூரையோடு நிற்காமல் வானம், தரை, மரத்தின் சந்து பொந்து என்று எங்கும் ஓடு டிசைன் பரவிவிட்டது.

பதற்றத்தில் அழிப்பானை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தேன். பிறகுதான் அன்டூ நினைவுக்கு வந்தது. எடிட் மெனுவில் அன்டூ கொடுத்தால், அழிப்பான் இழுத்த கோடு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பியது. இன்னொரு முறை கொடுத்தேன். அழித்தது மீண்டும் வந்தது. மேக்பெயின்ட்டில் பின்வாங்க ஒரே ஒரு படிதான் உண்டு.

சரி, வெள்ளையை ஊற்றிச் சரிசெய்யலாம் என்று பார்த்தேன். அதுவும் முடியவில்லை. வாளி, நாம் க்ளிக் செய்த புள்ளியின் நிறத்திலேயே ஒட்டியிருக்கும் புள்ளிகளை மட்டும்தான் நிரப்பும். டிசைனோ கறுப்பும் வெள்ளையும் கலந்த புள்ளிகள். ஒரு க்ளிக்குக்கு ஒரு துணுக்குதான் மாறியது. படம் போனது போனதுதான்.

ஏன் அப்படி ஆனது?

கூரையின் இரண்டு கோடுகள் உச்சியில் சேரும் இடத்தில் ஒரே ஒரு பிக்ஸல் இடைவெளி விட்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை. வாளிக்கு அந்த ஓட்டை போதும்.

இங்கேதான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. நாம் திரையில் பார்ப்பது கூரை, சுவர், மரம். மென்பொருளுக்கோ அங்கே இருப்பது புள்ளிகள் மட்டுமே. இவை சேர்ந்து ஒரு கூரை என்பது அதற்குத் தெரியாது. வரைந்து முடித்த வட்டத்தைப் பிடித்து நகர்த்த முயன்றால் நகராததற்கும் இதுவே காரணம். லாஸோ கருவியால் சுற்றி வளைத்துக் காட்டினால்தான் அந்தப் புள்ளிகளை நகர்த்த முடியும். அடியில் வேறு படம் இருந்தால் அதுவும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

தப்பிக்க மூன்று பழக்கங்கள்

ஊற்றும் முன் உற்றுப் பாருங்கள். குடீஸ் மெனுவில் ஃபேட்பிட்ஸ் என்ற கட்டளை உள்ளது. இது படத்தின் ஒரு பகுதியை எட்டு மடங்கு பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சதுரமாகக் காட்டும். பென்சிலால் வெள்ளைச் சதுரத்தைத் தொட்டால் கறுப்பாகும். கறுப்பைத் தொட்டால் வெள்ளையாகும். மூலைகளில் ஓட்டை இருந்தால் இங்கேயே அடைத்துவிடுங்கள்.

ஊற்றும் முன் சேமியுங்கள். தவறு நடந்தால் ஃபைல் மெனுவில் ரிவர்ட் கொடுங்கள். கடைசியாகச் சேமித்த படம் அப்படியே திரும்பி வரும். அன்று நான் நான்காவது படியைச் செய்திருந்தால் இந்த ஒரு கட்டளையில் என் மாலை நேரம் பிழைத்திருக்கும்.

தவறு நடந்தால் கையை எடுங்கள். உடனே வேறு கருவியைத் தொடாமல் முதலில் அன்டூ கொடுங்கள்.

பயிற்சிக்கு ஒரு கோலம்

குடீஸ் மெனுவில் பிரஷ் மிரர்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் படுக்கைக் கோட்டையும் செங்குத்துக் கோட்டையும் தேர்வு செய்துவிட்டுப் பிரஷ்ஷால் ஒரு வளைவு போடுங்கள். கண்ணாடியில் தெரிவதுபோல அதே வளைவு நான்கு இடங்களில் விழும். நான் நான்கைந்து இழுப்பில் ஒரு பூக்கோலம் போட்டுவிட்டேன். முடித்த படத்தை வைத்துக்கொள்ள எளிய வழி, உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுப்பதுதான்.

இவ்வளவும் பழகிய பிறகு விண்டோஸில் உள்ள பெயின்ட்டைத் திறந்து பாருங்கள். பென்சில், வாளி, அழிப்பான், செவ்வகம் எல்லாம் தெரிந்த முகங்களாக இருக்கும். அங்கே வண்ணம் உண்டு, பல படிகள் பின்வாங்கும் வசதியும் உண்டு. ஆனால் அங்கும் வாளி ஒரு புள்ளி ஓட்டையில் ஒழுகத்தான் செய்யும்.

இன்று மாலையே ஒரு வீடு வரையுங்கள். கூரைக்கு வாளியை எடுக்கும் முன் சேவ் கொடுக்க மறக்காதீர்கள்!