சின்ன மடிக்கணினி: பணத்தை எதில் போடுவது?

13 அல்லது 14 அங்குல மடிக்கணினி கேட்டுக் கடைக்குப் போனால், விற்பனையாளர் பிராசஸரில்தான் பேச்சைத் தொடங்குவார். நாம் ரேமில் தொடங்க வேண்டும். மெலிதாக இருக்க வேண்டுமென்று இந்த ரகங்களில் பெரும்பாலும் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும் அன்று எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி என்கிறது மைக்ரோசாஃப்ட். அதில் கணினி எழுந்து நிற்கும், வேலை நடக்காது. பிரவுசரில் நிறைய டேப், கூடவே ஒரு வீடியோ மீட்டிங், ஒரு எக்செல் கோப்பு என்றால் 8 ஜிபியும் திணறும். 16 ஜிபி வாங்குங்கள். அதற்காகப் பிராசஸரில் ஒரு படி இறங்கினாலும் நஷ்டமில்லை. ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப அளவை 16 ஜிபியாக்கியது.

கடையில் இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், மெமரிக்குக் கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி இருக்கும். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் அது பற்றவைத்த ரேம். ‘சோடிம்’ என்றிருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து விசிறி. 2020-இல் வந்த எம்1 சிப் மாடலிலிருந்து மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. எழுத்து, கணக்கு, படிப்பு என்று புழங்குபவருக்கு இதைவிட நிம்மதியான கருவியை நான் பார்க்கவில்லை. ஆனால் நீளமான வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யக் கொடுத்தால் சூடேறி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எடிட்டிங்தான் பிழைப்பு என்றால் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு விசிறி உள்ளதை எடுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு இன்டெல் என்100 பிராசஸர் போதும். சேமிப்பு இஎம்எம்சியாக இல்லாமல் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். பழையது வாங்குவோர் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகவேண்டாம்: விண்டோஸ் 11 அவற்றை ஏற்காது, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

புதிய விண்டோஸ் கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதன்முதலில் அமைக்கும்போது டிஸ்க் தானாகவே பூட்டப்படுவது இப்போது வழக்கம். அதன் மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். அன்றைக்கே எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். பிற்பாடு கணினி அந்தச் சாவியைக் கேட்டு, கணக்கிலும் நுழைய முடியாமல் போனால், படங்களும் கோப்புகளும் போனதுதான்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கீபோர்டின் வலது ஓரத்தை அவசியம் பார்க்க வேண்டும். தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு கீபோர்டு அமைப்புகளும் விண்டோஸிலும் மேக்கிலும் உள்ளேயே இருக்கின்றன. தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. தமிழ்99-இல் ச, ஞ, ந, ய நான்கும் சதுர அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள் விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. 11, 12 அங்குலக் கருவிகள் சிலவற்றில் இடம் மிச்சம் பிடிக்க இந்த விசைகளைத்தான் ஒடுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு அது உறைக்காது. தமிழில் அடிப்பவருக்கு வரிக்கு வரி விரல் தவறும். பில் போடுவதற்கு முன்பே தமிழ் கீபோர்டைச் சேர்த்து, ஒரு பத்தி அடித்துப் பாருங்கள்.