பானையோட்டில் எகிப்து

கேள்வி: பண்டைய எகிப்தியரின் வாழ்க்கையையும் எழுத்தையும் வீட்டிலேயே குழந்தைகளுக்குக் கற்பிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: பிரமிடுகளைச் சற்று ஒதுக்கிவைத்து, அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் வசித்த தெய்ர் எல்-மதீனா என்னும் கிராமத்திலிருந்து தொடங்குங்கள். சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் உடைந்த பானையோடுகளிலும் நாணல் எழுதுகோலைக் கரிய மையில் தோய்த்து அங்குள்ள மாணாக்கர் எழுதிப் பழகினார்கள் என்பதும், வேலைக்கு வராதவர்களின் கணக்கில் 'தேள் கொட்டியது' என்ற காரணமும் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதும் குழந்தைகளின் சித்தத்தை உடனே கவரும். ஒரு பானையோட்டையும் மையையும் அவர்கள் கையிலேயே கொடுத்து, எகிப்தியச் சித்திர எழுத்திலுள்ள பறவைகளும் மனிதர்களும் முகம் நோக்கும் திசையிலிருந்தே வாசிக்கவேண்டும் என்ற விதியைச் சொல்லுங்கள். ஆனால் ஒவ்வொரு சித்திரமும் ஒரு பொருளையே குறிக்கும் என்று மட்டும் தயவுசெய்து கற்பிக்காதீர்கள். அவற்றுள் பல ஒலிக்குறிகளே என்பதை அவ்வெழுத்தைப் படித்தறிந்த பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் 1822-இலேயே விளக்கிவிட்டார்.