புல்லட்டுக்கு நல்ல கேபிள்

கேள்வி: அப்பா ஓட்டிய 1970களின் என்ஃபீல்டு புல்லட் என்னிடம் இருக்கிறது. புதிதாகப் போட்ட கிளட்ச் கேபிள் சில வாரங்களிலேயே லீவர் பக்கம் அறுந்துவிட்டது. தரமான கேபிள் எங்கே கிடைக்கும்?
– வாசகர், தேக்கா, சிங்கப்பூர்

பதில்: முன்பு உங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்தது. 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். உங்கள் வண்டி பிறந்தது சென்னைத் திருவொற்றியூரில். ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி, சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் தேடச் சொல்லுங்கள். பழைய கேபிளையே கொடுத்தனுப்புவது நல்லது. உறையின் நீளம், வெளியே நிற்கும் கம்பியின் நீளம், கம்பி முனையில் இருக்கும் நிப்பிள் என்ற உலோகக் குமிழின் வடிவம் மூன்றும் பொருந்த வேண்டும். ஹேண்டில்பாரை மாற்றியிருந்தால் மாடல் பெயரைச் சொல்லி வாங்குவதில் பயனில்லை.

மட்டமான கேபிள் பெரும்பாலும் நிப்பிளில்தான் விட்டுப்போகும். நல்ல வேலைக்காரர் கம்பியின் இழைகளை நிப்பிளின் குழிக்குள் பூப்போல விரித்த பிறகே ஈயம் பாய்ச்சுவார். அப்போது இழுவிசையை ஈயம் மட்டும் தாங்குவதில்லை, விரிந்த இழைகளும் தாங்கும். பிரிட்டனின் வென்ஹில் நிறுவனம் கேபிள்களோடு, நாமே செய்துகொள்ளக் கம்பி, உறை, நிப்பிள் ஆகியவற்றையும் விற்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் முன்பிரேக் கேபிளில் காசு பார்க்கவே கூடாது, உயிர் சம்பந்தப்பட்டது.

வாங்குமுன் லீவரைக் கழற்றிப் பாருங்கள். நிப்பிள் அதன் துளைக்குள் தாராளமாகச் சுழல வேண்டும். இறுகி நின்றால் ஒவ்வொரு பிடிப்பிலும் கம்பி ஒரே இடத்தில் மடங்கும். எந்த நாட்டுக் கேபிளும் அறுந்துவிடும். உங்கள் வண்டியில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். துளையைச் சுத்தம் செய்து கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.