சாயம் போன வண்டியை வாங்கலாமா?

பழைய பைக் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவது எங்கள் தெருவில் வழக்கமாகிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. இதுவரை ஓட்டியதெல்லாம் செகண்ட் ஹேண்ட் வண்டிதான், அந்தப் பழக்கத்தில் வந்த கண் இது. போன இடத்தில் பெரும்பாலும் காதில் விழுவது ஒன்றுதான்: "மாமா, பாக்கவே நல்லா இல்லையே, வேற பாக்கலாம்." வண்டி அழகாக இல்லை என்பதற்காக நான் திரும்புவதில்லை. எதனால் அப்படி ஆனது என்று பார்ப்பேன். வெயிலா, விழுந்ததா, உப்பா, வெள்ளமா? நான்குக்கும் நான்கு விடை.

வெயில் என்றால் கவலையே வேண்டாம். நிழலில்லாத இடத்தில் தினமும் நின்ற வண்டிக்குச் சிவப்பு வெளுத்துப்போகும், கறுப்பு பிளாஸ்டிக் சாம்பல் பூக்கும், சீட் உறை வெடிக்கும். இஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விலை மட்டும் நன்றாக இறங்கும்.

விழுந்த வண்டியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கிளட்ச் லிவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் முனை, சைலன்சரின் வெளிப்பக்கம் ஆகியவற்றில் சின்னத் தேய்ப்பு இருந்தால், நின்ற இடத்தில் சாய்ந்ததாகவோ மெதுவாகப் போகையில் சறுக்கியதாகவோ இருக்கும். அதை மன்னிக்கலாம். முன்னால் மோதிய வண்டியை மன்னிக்கக் கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது முட்டி நிற்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். சேஸில் இருக்கும் அந்தச் சின்ன இரும்புத் துண்டு நசுங்கியோ உடைந்தோ இருந்தால் அடி பலமானது. கழுத்துப் பகுதியில் பெயின்ட் வெடிப்பு, புதிதாக வெல்டிங் வைத்த தடம் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ஓட்டிப் பார்க்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும் அப்படித்தான்.

துருவிலும் தரம் உண்டு. சைலன்சர் துருவும் கேரியர் துருவும் கண்ணுக்குத்தான் உறுத்தல். முன் ஃபோர்க் குழாய் வழவழப்பாக இருக்க வேண்டும். அதில் துரு அரித்துக் குழி விழுந்திருந்தால், எத்தனை முறை ஆயில் சீல் மாற்றினாலும் எண்ணெய் கசியும். பெட்ரோல் டேங்கைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பழுப்புப் பொடி படிந்திருந்தால் கார்புரேட்டர் ஓயாமல் அடைத்துக்கொண்டே இருக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் ஸ்போக்ஸ், ரிம்மின் உள்பக்கம், சேஸின் அடிப்பகுதி மூன்றையும் விரலால் தடவிப் பார்க்காமல் நான் விலை பேசுவதில்லை.

வெள்ளம் பார்த்த வண்டி வெளியே பளிச்சென்றுகூட இருக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. சீட்டுக்கு அடியிலும் பக்க மூடிகளுக்குப் பின்னாலும் ஏர் ஃபில்டர் பெட்டியிலும் வண்டல் தங்கியிருக்கும். இஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

அடியையும் துருவையும் புதுப் பெயின்ட் மறைத்துவிடும் என்பதால்தான் வெளுத்த வண்டியைவிடப் புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய வண்டியிடம் எனக்குப் பயம் அதிகம். ரப்பரிலும் வயரிலும் பெயின்ட் தெறித்திருந்தால் அவசரத்தில் அடித்தது. ஆர்.சி. புக்கில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

பால்காரர் ஒருவரின் ஸ்ப்ளெண்டரைத் தெருப் பையன் ஒருவனுக்காகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கேன் உரசி உரசிப் பெயின்டே இல்லை. "ரெண்டு பக்கமும் கேன் கட்டுன வண்டி சார், பாத்து எடுத்துக்கங்க" என்று அவரே சொன்னார். பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தது. ஸ்விங்ஆர்ம் புஷ்ஷும் பின் ஷாக் அப்சர்பரும் பாரம் தாங்கித் தாங்கிப் போயிருந்தன. ஆனால் இஞ்சின் போல்ட் ஒன்றின் தலைகூட மழுங்கவில்லை, கண்ட கை எதுவும் பட்டதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அந்த இரண்டு பாகங்களுக்கான செலவை விலையில் கழித்து வாங்கச் சொன்னேன்.

இஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கேட்க வேண்டும். போனதும் அதன் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் நமக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், ஆறும்வரை காத்திருங்கள். முறுக்கும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கிலோமீட்டர் முள்ளை நம்ப வேண்டாம், பிரேக் பெடலும் கிக்கர் ரப்பரும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள்.

டேங்கில் ஹீரோ ஹோண்டா என்று எழுதியிருந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். 2011-இல் அந்தக் கம்பெனி ஹீரோ மோட்டோகார்ப் ஆகிவிட்டது. அப்படிப்பட்ட வண்டிக்கு 15 ஆண்டுப் பதிவு முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும். புதுப்பிக்க ஆய்வு உண்டு, பசுமை வரியும் உண்டு. கடன் போட்டு வாங்கியதா, அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிட்டு, படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.

வாங்கியதும் பெயின்ட் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் டயர், பிரேக் ஷூ, கேபிள்கள், செயின் ஸ்பிராக்கெட், இஞ்சின் ஆயில். ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்து, வண்டி உங்களிடமே இருக்கும் என்று உறுதியானால் அதன்பின் டேங்குக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் போதும்.