பார்வைக்கேற்ற வில்லை

ஒளிப்படக் கலை ஒரு காலத்திற் பொருள்வளமுடையார் சிலர்க்கே உரிய பொழுதுபோக்காயிருந்தது. இன்றோ கைத்தொலைபேசி உடையார் யாவரும் படம் எடுப்போரேயாவர். அவருட் சிலர் ஓரளவு பயின்றபின் நல்ல கமெராவொன்றை வாங்க விழைகின்றனர். அப்பொழுது எழும் முதல் வினா, எந்தக் குவியத்தூரமுடைய வில்லையை வாங்குவது என்பதாம். கடைக்காரர் விலையைக் கூறுவார். நண்பர் தமக்கு உகந்ததைக் கூறுவார். ஆயின், தாம் உலகை எவ்வாறு நோக்குகின்றார் என்பதை அவரவரே அறிதல் வேண்டும். அதனை அறியும் வழியை ஈண்டு ஆராய்வாம்.

தொலைவிலுள்ள பொருளொன்றை நோக்கி வில்லையைப் பிடித்தால், வில்லைக்குப் பின்னே குறித்தவொரு தூரத்தில் அப்பொருளின் விம்பம் தெளிவாக விழும். அத்தூரமே குவியத்தூரம். அது குறுகினாற் காட்சி அகலும். நீண்டாற் காட்சி ஒடுங்கிப் பொருள் பெரிதாகத் தோன்றும். 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமுமுடைய படச்சட்டத்தில், மூலைக்கு மூலை அளந்தால், 28 மில்லிமீற்றர் வில்லை 75 பாகையையும், 50 மில்லிமீற்றர் வில்லை 47 பாகையையும், 135 மில்லிமீற்றர் வில்லை 18 பாகையையும் அடக்கும்.

இவற்றுள் 50 மில்லிமீற்றரை ‘இயல்பு வில்லை’ என்பர். ஒஸ்கார் பார்னாக் என்னும் ஜெர்மனியப் பொறியாளர் வகுத்த லைக்கா கமெரா 1925ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதிற் பொருத்தப்பட்டிருந்தது 50 மில்லிமீற்றர் வில்லையே. அவ்வழக்கம் பின்னரும் நிலைத்தது. மனிதக் கண் காண்பது போலவே அவ்வில்லை காணும் என்று கூறுவதுமுண்டு. அது முற்றும் பொருந்தாது. நம் கண் இருபுறமும் மிக அகலமாகக் காண்கின்றது. ஆயினும் நடுவே மிகச் சிறிய பகுதியை மட்டுமே நுணுக்கமாகக் காண்கின்றது. அகலத்திற் கருத்தூன்றுவோரும் உளர். நுணுக்கத்திற் கருத்தூன்றுவோரும் உளர். ஆதலின் எல்லோர்க்கும் இயல்பான வில்லை ஒன்றில்லை.

இனி, பலர் மயங்கும் இடமொன்று உண்டு. அகன்ற வில்லை முகத்தைக் கோணலாக்கும் என்றும், நீண்ட வில்லை தூரத்தைச் சுருக்கும் என்றும் சொல்வர். உண்மையில் இவற்றைச் செய்வது வில்லையன்று. நாம் நிற்கும் தூரமே. ஓரிடத்தில் அசையாது நின்று 28 மில்லிமீற்றரிலும் 135 மில்லிமீற்றரிலும் ஒரே காட்சியை எடுத்து, முன்னதன் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பித்துப் பாருங்கள். இரண்டிலும் பொருள்களின் அளவு விகிதம் ஒன்றாகவே இருக்கும். எனின் வில்லை செய்வது யாது? நம்மை ஓரிடத்தில் நிற்கச் செய்கின்றது. ஒருவரை இடுப்பளவிற் சட்டம் நிறைய எடுக்க வேண்டின், 28 மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 70 சென்ரிமீற்றரிலும், 50 மில்லிமீற்றருக்கு 1.2 மீற்றரிலும், 85 மில்லிமீற்றருக்கு 2 மீற்றரிலும், 135 மில்லிமீற்றருக்கு 3 மீற்றருக்குச் சற்று அப்பாலும் நிற்றல் வேண்டும். முதலாவது, தோளிற் கைபோடும் உறவினர் நிற்கும் தூரம். இரண்டாவது, உரையாடுவோர் நிற்கும் தூரம். இறுதியது, அயலார் நிற்கும் தூரம். ஆகவே வில்லையைத் தெரிதல் என்பது பிறரிடமிருந்து எத்துணைத் தூரத்தில் நிற்க விரும்புகின்றோம் என்பதைத் தெரிதலேயாம்.

இது சிறு செய்தியன்று. பெரும்பாலான கைத்தொலைபேசிகளின் முதன்மை வில்லை 24 முதல் 28 மில்லிமீற்றர் வரையிலான வில்லைக்கு ஒப்பானது. அதனால் ஒரு முதியவரின் தலையும் தோளும் சட்டத்தை நிறைக்க எடுப்பவர் 40 சென்ரிமீற்றர் வரை நெருங்குகின்றார். மூக்குநுனிக்கும் காதுக்கும் இடைவெளி 12 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். அப்போது காதின் அளவோடு ஒப்பிட மூக்கு 30 வீதம் பெருத்துத் தோன்றும். 85 மில்லிமீற்றர் வில்லையோடு 1.2 மீற்றரில் நின்றால் அப்பெருக்கம் 10 வீதமே. இன்று எடுக்கும் படமே அப்பெரியார் மறைந்தபின் வீட்டுச் சுவரில் மாட்டப்படும் படமாதல் கூடும். பேரப்பிள்ளைகள் அம்முகத்தையே அவர் முகமென அறிவர்.

பெயர்பெற்ற கலைஞர் பலர் தம் தூரத்தை அறிந்து அதிலேயே நின்றனர். பிரான்சு நாட்டு ஹென்றி கார்ட்டியே பிரெசோன் பெரும்பாலும் 50 மில்லிமீற்றரையே கையாண்டார். ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் யசுஜிரோ ஒசுவும் தம் பிற்காலப் படங்களில் அதனையே பெரிதும் பயன்படுத்தினார். நியூயோர்க் வீதிகளைப் படம்பிடித்த கரி வினோகிராண்ட் 28 மில்லிமீற்றரோடு கூட்டத்தினுள்ளே புகுந்து நின்றார். இவருள் ஒருவர் வழி மற்றவர்க்கு ஒவ்வாது.

நமது தூரத்தை அறியப் பணம் செலவிட வேண்டியதில்லை. கடின அட்டையொன்றில் 12 சென்ரிமீற்றர் உயரமும் 18 சென்ரிமீற்றர் அகலமுமுடைய சாளரம் வெட்டுக. இது முன்கூறிய படச்சட்டத்தின் ஐந்து மடங்கு. ஆதலின் அட்டையைக் கண்ணிலிருந்து குவியத்தூரத்தின் ஐந்து மடங்குத் தொலைவிற் பிடித்து, ஒரு கண்ணை மூடி நோக்கின், அந்த வில்லை காணும் காட்சியே தோன்றும். 28 மில்லிமீற்றருக்கு 14 சென்ரிமீற்றர், 35க்கு 17.5, 50க்கு 25, 85க்கு 42.5. இவ்வட்டையோடு சந்தைக்கோ, கடற்கரைக்கோ, கோயில் வீதிக்கோ செல்லுக. மனத்தைக் கவரும் காட்சி தோன்றும்போது, நின்ற இடத்திலிருந்தே, வேண்டியது மட்டும் உள்ளடங்கும்வரை அட்டையை முன்பின் நகர்த்தி, அத்தூரத்தைக் குறித்துக்கொள்க. ஐம்பது குறிப்புகள் சேர்ந்தபின் எந்த எண் மிகுதியாய் வருகின்றதென்பது புலனாகும். முன்னரே கமெரா உடையவர், குவியத்தூரம் மாற்றத்தக்க ‘சூம்’ வில்லையால் எடுத்த பழைய படங்களை ஆராய்ந்தாலும் போதும். ஒவ்வொரு படத்தின் குவியத்தூரமும் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். சிறிய உணரியுடைய கமெராக்கள் பலவற்றில் எண்ணை 1.5ஆற் பெருக்கிக் கணித்தல் வேண்டும். அங்கு 35 மில்லிமீற்றர் வில்லை ஏறக்குறைய 50இன் தொழிலைச் செய்யும்.

எண்ணை அறிந்தபின் அவ்வில்லை ஒன்றையே ஒரு மாதம் கையாளுக. அதற்குள் அடங்காதவற்றை விட்டுவிடுக. சில நாளில், கமெராவைக் கண்ணில் வைக்குமுன்பே கால் தானாகத் தனக்குரிய இடத்திற்குச் செல்லும். அந்நிலை எய்தியவர்க்கு வில்லை புறக்கருவியன்று. தம் பார்வையின் அளவேயாம்.