கிருமிக்கு எரிந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து கை வெடிப்போடு வருகிறவர்களைத் தொட்டுப் பார்க்கும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது: ஸ்பிரிட். “ஊத்துனா சுருக்குனு எரியுது டாக்டர். எரிஞ்சாத்தானே கிருமி சாவுது?” கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கிருமிக்கு எரிந்தால் உங்களுக்கு எப்படியம்மா தெரியும்?

நரம்பு நுனிகளில் சூட்டை உணரும் ஒரு புரதம் இருக்கிறது, பெயர் டிஆர்பிவி1. மிளகாயின் காரத்தைச் சொல்வதும் அதுதான். வழக்கமாக 42 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் அது விழிக்கும். ஸ்பிரிட்டில் இருக்கும் ஆல்கஹால் பட்டால் 34-லேயே விழித்துக்கொள்கிறது என்று 2002-ல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். உடம்பின் உட்சூடு 37. ஆக, உங்கள் சூடே உங்களைச் சுடுகிறது. ஊசி போடுமுன் நர்ஸ் துடைக்கும்போது ஜில்லென்றுதானே இருக்கிறது? எரிந்தால் தோல் ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஊரில் மீதியைச் சொல்வது சுலபம். கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு போடாத கப்பை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நம் மேல்தோலில் செல்களுக்கு நடுவே இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள்தான் நமக்குக் கிளேஸ். (செராமைடு, செராமிக்: பெயரில்தான் ஒற்றுமை, உறவில்லை.) அச்சில் ஸ்லிப் என்கிற களிமண் கூழை ஊற்றுகிறவர் கையில் அது தினமும் தேய்கிறது. களிமண், தோலின் எண்ணெய்ப்பசையை இழுக்கும். ஸ்லிப் இளகி ஓடச் சேர்க்கும் சோடியம் சிலிகேட்டோ கடுமையான காரம். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம். இப்படி வரும் அழற்சியில் பல நேரம் கிருமிக்கு வேலையே இல்லை. அதன்மேல் ஸ்பிரிட்டைத் தேய்த்தால் மிச்சமிருந்த கொழுப்பும் கரையும், புண்ணை ஆற்ற வந்த புதுச் செல்களும் சாகும். வெடிப்பு, நமைச்சல், மறுபடி ஸ்பிரிட். என்ன வைத்தியம் இது?

சானிடைசர் வேறு கதை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் 1.45 சதவீதம் கிளிசரால் சேர்ப்பதே கை காயாமல் இருக்கத்தான். அதுவும் வெடிப்பில்லாத தோலுக்குத்தான்.

நூறு சதவீத ஆல்கஹால் இன்னும் உசத்தியா? இல்லை, கிருமியின் புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் வேண்டும், 70 சதவீதம்தான் நன்றாக வேலை செய்யும். முகப்பருவுக்கு ஸ்பிரிட்? வேண்டாம். காய்ச்சல் குழந்தைக்கு ஸ்பிரிட் ஒத்தடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தோல் வழியாகவும் மூச்சிலும் ஏறிக் குழந்தைகள் நினைவிழந்த பதிவுகள் உண்டு.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஈரம் முழுக்கக் காயுமுன் வாசலின் தடவுங்கள். சீழோ வீக்கமோ இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. சூளைக்கு எரிபொருள் கணக்கைப் பைசா விடாமல் பார்க்கிறீர்கள். அகல் ஆர்டர் குவியும் கார்த்திகைக்கு முன், அச்சு மேசைக்குப் பக்கத்தில் கை கழுவ ஒரு குழாயும், அதன்மேல் ஒரு வாசலின் டப்பாவும் வைத்துக்கொடுங்கள் ஐயா.