ஆறு விநாடியைப் பங்கிடுதல்: ஒரு மேசை விளையாட்டின் விதிகளும் குழுச் செயல்பாடும்

குழுச் செயல்பாட்டில் நாம் அனைவரும் அறிந்த சிக்கல் ஒன்று உண்டு. முந்திக்கொள்ளும் இரண்டு மாணவர்கள் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். வரிசையாகப் பேசச் சொன்னாலோ, தன் முறை முடிந்தவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவார். இந்த இரண்டுக்கும் சேர்த்து விடை தேடிய விதிகள், கதைமாந்தராக நடித்து ஆடும் மேசை விளையாட்டுகளில் இருக்கின்றன.

அவற்றுள் புகழ்பெற்றது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய இவ்விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. நடுவர் ஒருவர் கதைச்சூழலைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராகித் தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். சண்டைக் காட்சியில்தான் சிக்கல் வருகிறது. கதையில் எல்லாரும் ஒரே நேரத்தில் இயங்குகிறார்கள். மேசையில் ஒவ்வொருவராகத்தான் பேச முடியும். ஆகவே நேரத்தைச் சுற்றுகளாக வெட்டினார்கள். 1970களின் பிற்பகுதியில் வந்த மேம்பட்ட பதிப்பில் ஒரு சுற்று ஒரு நிமிடம். அது ஆறு விநாடி கொண்ட பத்துக் கூறுகளாகப் பிரிந்தது. 2014 பதிப்பில் ஒரு சுற்றே ஏறத்தாழ ஆறு விநாடிதான்.

இந்தப் பதிப்பின்படி, சண்டை தொடங்கும்போது எல்லாரும் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். பாத்திரத்தின் சுறுசுறுப்புக்கான எண்ணைக் கூட்டி, பெரியதிலிருந்து சிறியதாக வரிசை அமையும். சத்தமாகப் பேசுபவருக்கு இங்கே முன்னுரிமை கிடையாது. தன் முறையில் ஒருவர் நகரலாம், ஒரு செயலும் செய்யலாம். நகர்வைப் பிரித்துக்கொள்ளலாம் என்பதுதான் சுவையான இடம். 30 அடி நகரக்கூடிய வில்லாளி தூணுக்குப் பின்னாலிருந்து 10 அடி வெளியே வந்து, அம்பு எய்து, மீண்டும் 10 அடி பின்வாங்கி மறைந்துகொள்ளலாம். மீதி 10 அடி அடுத்த சுற்றுக்குச் சேராது.

அப்படியானால் எதிரியின் முறை வரும்போதெல்லாம் அவர் தூணுக்குப் பின்னால்தானே இருப்பார்? ஆம், இது நேரத்தை வெட்டியதால் விளைந்த ஓட்டை. இதை அடைக்க ‘ஆயத்தச் செயல்’ என்று ஒன்று உண்டு. எதிரி தன் முறையில் எதையும் செய்யாமல், ஒரு நிபந்தனையையும் அதற்கான பதிலையும் அறிவித்துவிட்டுக் காத்திருப்பார். நிபந்தனை நிறைவேறியதும் பதில் நடக்கும். தன் அடுத்த முறைக்குள் நிறைவேறாவிட்டால் அது வீண்.

“வில்லாளி வெளியே வந்தால் எய்வேன்” என்றால், அவர் தலை தெரிந்தவுடன் நம் அம்பு முந்திவிடும். “வில்லாளி அம்பு எய்தால் எய்வேன்” என்றால் அவருடைய அம்பு முதலில் பாயும். ஒரு சொல் மாற, ஆட்டமே மாறுகிறது. ‘ஆல்’ ஈற்று நிபந்தனைத் தொடரையும் ஆங்கிலத்தின் ‘இஃப்’ வாக்கியங்களையும் பயிற்சித்தாளில் எழுதவைப்பதைவிட இது வலுவான பயிற்சி என்பேன். தவறாகச் சொன்னால் என்ன இழப்பு என்று மாணவருக்கே தெரிந்துவிடுகிறது.

வகுப்பில் சண்டை தேவையில்லை. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து ஆட்களை மீட்பது போதும். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம் 5 அடி; ஆளுக்கு ஆறு கட்டம், ஒரு செயல். பகடைக்குப் பதில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுக்கலாம். கதவைத் திறப்பது ஒருவரின் செயல், கயிற்றை வீசுவது இன்னொருவரின் செயல். “கதவு திறந்தால் வாளியோடு உள்ளே நுழைவேன்” என்று அறிவித்த மாணவி மற்றவர்களின் முறையைக் கவனித்தே ஆக வேண்டும். கதவு திறக்கும் நொடியைத் தவறவிட்டால் அவருக்குத்தான் நட்டம். “ஏதாவது நடந்தால்” போன்ற மழுப்பலான நிபந்தனைகளை நடுவராக இருக்கும் ஆசிரியர் ஏற்கக்கூடாது.

தொடக்க வகுப்புகளில் ஆயத்தச் செயலை விட்டுவிட்டு, ஆறு கட்டங்களைப் பிரிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். 2 + 4, 3 + 3, 5 + 1 என்று குழந்தைகள் தாங்களே பிரித்துப் பார்ப்பார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல், நிபந்தனைகளைச் சிறு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் வாய்த்தகராறு குறையும். மொழிப்பாட மதிப்பீட்டுக்கும் அந்தத் தாள்கள் உதவும்.